வான்கோழி வேட்டையில் இருக்கையும் சுமைவெஸ்ட்டும்: தொந்தரவிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

அமெரிக்காவின் இளவேனில் கால வான்கோழி வேட்டையில் நடப்பதைவிட உட்காருவதே மிகுதி. விடிவதற்கு முன்பே காட்டுக்குள் சென்று, சேவல்கள் அடைந்திருக்கும் மரங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்து, பெட்டையின் குரலில் ஒலியெழுப்பிச் சேவலைச் சுடும் தொலைவுக்குள் வரவழைப்பதே இதன் முறை. வான்கோழிக்கு மோப்பத்திறன் குறைவு. பார்வையோ மிகக் கூர்மையானது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலேயே சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியை அது கண்காணிக்கிறது. கழுத்தைச் சிறிது திருப்பினால் முழு வட்டமும் அதன் பார்வைக்குள் வந்துவிடும். காட்டின் நிறத்தோடு ஒத்துப்போகும் உடையணிந்து அசையாமல் இருப்பவரை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அதே ஆள் வலி பொறுக்காமல் ஒருமுறை நகர்ந்து உட்கார்ந்தால், எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டு விலகிப் போய்விடும்.

ஆகவே இருக்கையையும், அதைச் சுமக்கும் வெஸ்ட்டையும் (பல பைகள் கொண்ட கையில்லா மேல்சட்டை) மதிப்பிட ஒரே அளவுகோல் போதும்: அவற்றோடு ஒருவரால் எவ்வளவு நேரம் அசையாமலும் ஒலியெழுப்பாமலும் இருக்க முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மெத்தையின் தடிமன், பைகளின் எண்ணிக்கை, துணியின் அச்சு ஆகியவை எல்லாம் அதற்குப் பின்னர்தான். எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பது மாநிலத்தைப் பொறுத்தும் மாறும். நியூயார்க்கில் மே மாத வேட்டை சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடுகிறது. பென்சில்வேனியாவில் பருவத்தின் முற்பகுதியில் நண்பகல் வரையிலும் பிற்பகுதியில் மாலை வரையிலும் அனுமதி உண்டு. சேவலின் குரலைத் தேடி மலைமுகடுகளில் நடந்துகொண்டே இருந்து, பதில் கிடைத்த இடத்தில் 20 நிமிடம் உட்காருபவருக்கும், ஒரே வயல் ஓரத்தில் நாள் முழுவதும் காத்திருப்பவருக்கும் ஒரே இருக்கை பொருந்தாது. கீழே சொல்லப்படும் தொந்தரவுகளில் பாதி, முதலாமவர் இரண்டாமவருக்கான பொருளை வாங்கியதால் வருபவையே.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்பது ஏறக்குறைய இல்லாமற்போய்விட்டதால், அமெரிக்காவில் குடியேறி வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து உரிமம் பெற்ற தமிழர்களுக்கு இந்தப் பொருள்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிய வழியில்லை. கடையில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்ப்பதும் உதவாது. புதிய இருக்கை வந்ததும், திருப்பியனுப்பும் காலம் முடிவதற்குள், வேட்டைக்குக் கொண்டுசெல்லும் அத்தனை பொருள்களையும் வெஸ்ட்டில் நிரப்பி அணிந்துகொண்டு, வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையில் துப்பாக்கிக்குப் பதிலாகத் துடைப்பக்கட்டையை வைத்துக்கொள்வது நல்லது; வீட்டுக்குள் துப்பாக்கியே வேண்டுமென்றால் அதில் தோட்டா இல்லை என்பதை இருமுறை சரிபார்க்க வேண்டும். எந்த இடம் முதலில் வலிக்கிறது, எத்தனையாவது நிமிடத்தில் வலிக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால், கீழே உரிய பகுதிக்கு நேரே போய்விடலாம்.

பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே புட்டத்தின் இரு எலும்பு முனைகளும் வலிக்கின்றன

மெத்தை முழுவதுமாக அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது என்பதே இதன் பொருள். உட்காரும்போது உடலின் எடை இடுப்பெலும்பின் இரண்டு அடிமுனைகளில் குவிகிறது. மென்மையான ஃபோம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்த இரு புள்ளிகளில் மட்டும் நசுங்கிவிடும். கையால் அழுத்தும்போது சுகமாகத் தோன்றும் மெத்தைதான் பெரும்பாலும் இப்படி ஏமாற்றும். சோதிக்க எளிய வழி, மெத்தையைத் தரையில் வைத்து அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி முழு எடையையும் கொடுப்பது. முழங்காலுக்குத் தரையின் கடினம் தெரிந்தால், அந்த மெத்தை புட்டத்தையும் தாங்காது.

புதிய மெத்தை வாங்குவதற்கு முன், இருப்பதன் கீழே மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் பாய்த்துண்டு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். நடைபயணிகள் படுக்கப் பயன்படுத்தும் மடிப்புப் பாய்களைச் செய்யும் பொருள் இதுவே. உட்காரும் அளவுக்கு வெட்டிய துண்டு 60 முதல் 100 கிராம் வரைதான் இருக்கும். கீழே கெட்டியானதும் மேலே மென்மையானதுமாக இரண்டு அடுக்கு சேரும்போது, மென்மையான ஒரே தடிமன் மெத்தையைவிட நெடுநேரம் தாங்கும். ஜெல் நிரப்பிய மெத்தைகள் வலியை நன்றாகவே குறைக்கின்றன, ஆனால் அவற்றின் எடையைச் சுமக்கும் தோள் அதை மறக்க விடாது. வாகனத்திலிருந்து 200 மீட்டருக்குள் உட்காருபவருக்கு மட்டுமே அவற்றைப் பரிந்துரைப்பேன்.

சில சமயம் குற்றம் மெத்தையினுடையதே அன்று. இருட்டில் அவசரமாக உட்காரும்போது அடியில் ஒரு வேர்முடிச்சோ கல்லோ இருந்துவிடும். உட்காருவதற்கு முன் காலால் சருகை ஒதுக்கி, மண் தெரியும்வரை இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இதனால் பின்னர் காலை மெல்ல நகர்த்தும்போது சருகு நொறுங்கும் ஒலியும் எழாது. அடியில் பாம்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டதாகும்.

கால் மரத்துப்போகிறது

மரத்துப்போகும் இடத்தைப் பொறுத்துக் காரணம் வேறுபடும். தொடையின் பின்புறத்தில் தொடங்கிக் கீழே இறங்கினால், இருக்கையின் முன்விளிம்பு தொடையை வெட்டுகிறது. குழாய்ச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டிய குட்டை நாற்காலிகளில் இது மிகச் சாதாரணம். துணி நாளடைவில் தொய்ந்ததும் முன்பக்கக் குழாய் உயர்ந்து நின்று, தொடையின் பின்னே ஓடும் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் அழுத்துகிறது. குழாயின்மேல் ஒரு ஃபோம் உறையைச் சுற்றலாம், அல்லது நாற்காலியின் முன்கால்களைச் சற்று மண்ணுக்குள் புதைத்து விளிம்பைத் தாழ்த்தலாம். கால்களின் உயரத்தை மாற்றக்கூடிய சட்டமாக இருந்தால் முன்பக்கத்தை இரண்டு விரல் தாழ்த்தினாலே போதும்.

ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போனால், முதலில் பின்பாக்கெட்டைப் பார்க்க வேண்டும். பணப்பையும் வாகனச் சாவியும் அங்கே இருப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பாதத்தின் மேற்புறமும் கெண்டைக்காலின் வெளிப்பக்கமும் மரத்துப்போனால், சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். தரையில் உட்கார்ந்து பழகிய நமக்கு இருக்கையே தேவையில்லை என்று எண்ணத் தோன்றும். ஒரு விருந்துப் பந்திக்குச் சம்மணம் போதும், வேட்டைக்குப் போதாது. சம்மணத்தில் முழங்காலின் வெளிப்புறம் ஓடும் நரம்பு அழுந்துவதோடு, துப்பாக்கியைத் தாங்க வேண்டிய முழங்கால் தரையோடு தாழ்ந்துபோய்விடுகிறது. பறவை வந்த பின் காலைப் பிரித்து முழங்காலை உயர்த்துவது என்பது நடக்காத காரியம். தொடக்கத்திலேயே இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, முழங்கால்களை உயர்த்தி, தோளகலத்துக்குப் பிரித்து உட்கார்ந்து பழகுவதே சரி. களைத்தால், துப்பாக்கி தங்காத காலை மட்டும் மெதுவாக நீட்டிக்கொள்ளலாம்.

உட்காருவது சுகமாக இருக்கிறது, ஆனால் துப்பாக்கி முழங்காலில் நிற்பதில்லை

இது இருக்கையின் உயரத்தில் உள்ள பிழை. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிகக் கவனம் தேவை, ஏனெனில் வாங்கும்போது யாரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. 5 முதல் 8 சென்டிமீட்டர் மெத்தையில் முழங்காலை உயர்த்தி உட்காரும்போது, முழங்கால் ஏறக்குறைய நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். துப்பாக்கியின் முன்பகுதியை அதன்மேல் கிடத்திப் பின்கட்டையைத் தோளில் பொருத்தினால், குழல் தரைக்கு இணையாக நிற்கும். கைகள் எடையைத் தாங்க வேண்டியதில்லை. 30 சென்டிமீட்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் தொடை படுத்துவிடுகிறது, முழங்கால் தோளுக்கு வெகு கீழே போய்விடுகிறது. அப்போது 3 கிலோவுக்கு மேல் வரும் 12 காஜ் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கியை இரு கைகளாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது மடியில் வைத்திருந்து பறவை வந்ததும் உயர்த்த வேண்டும். முதலாவதில் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும். இரண்டாவதைப் பறவை பார்த்துவிடும்.

நாற்காலியை மாற்றுவதற்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. பாதத்தைத் தன் பக்கம் இழுத்துக் குதிகாலை ஒரு வேரின்மேலோ கல்லின்மேலோ வைத்தால் முழங்கால் கணிசமாக உயரும். அது போதாவிட்டால், உயரம் மாற்றக்கூடிய ஒற்றைக்கால் தாங்கி ஒன்றைக் குழலுக்குக் கீழே நிறுத்தலாம். அதன் கவைப்பகுதி ரப்பரால் ஆனதாக இருக்க வேண்டும், உலோகம் உலோகத்தில் படும் ஒலி வெகுதூரம் கேட்கும். இவற்றுக்கும் சரிப்படாதென்றால், 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத இருக்கைக்கு இறங்கிவிடுவது நல்லது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. இடுப்பும் தொடையின் பின்தசைகளும் இறுகியிருப்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்தால், இடுப்பெலும்பு பின்னோக்கி உருண்டு, கீழ்முதுகு வளைந்து, அரை மணி நேரத்துக்குள் அங்கே வலி தொடங்கிவிடும். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு எழுந்திருப்பதே பெரும்பாடு. அவர்களுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமும் ஒரு தாங்கியும் சேர்ந்ததே ஏற்றது. கூடாரம் போன்ற மறைப்புக்குள் இருப்பவருக்கு இந்தக் கணக்கே வேறு: அங்கே சன்னலின் உயரம்தான் இருக்கையின் உயரத்தை முடிவு செய்கிறது, அசைவும் பெருமளவு மறைந்துவிடுகிறது, எனவே முதுகுச் சாய்வு உள்ள முழு நாற்காலியையே எடுத்துச் செல்லலாம். மறைப்பில்லாத இடத்தில் அதே நாற்காலியில் அமர்பவரின் உருவம் மரத்தடியிலிருந்து பிரிந்து தெரியும்.

உயரம் சரியாக இருந்தும் குழலைப் பறவையை நோக்கித் திருப்ப முடியவில்லை என்றால், குற்றம் அமர்ந்திருக்கும் திசையில். வலக்கையால் சுடுபவருக்கு உடல் இடப்பக்கம் எளிதாகத் திரும்பும், வலப்பக்கம் திரும்பாது. ஆகவே சேவல் வரும் என்று எதிர்பார்க்கும் திசைக்கு இடத்தோள் காட்டி உட்கார வேண்டும். இடக்கையர் இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரிவில் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டே போகிறது

கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் வேட்டையாடுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொந்தரவு இது. மெத்தையின் அடித்துணி வழுவழுப்பான நைலான், உடுத்தியிருக்கும் கால்சட்டையும் அப்படியே, இரண்டுக்கும் நடுவே ஈரச் சருகு. சமையலறை இழுப்பறைகளில் விரிக்கும் ரப்பர் வலைவிரிப்பை மெத்தையின் அடியிலும் மேலும் தைத்துவிட்டால் பாதித் தொந்தரவு தீரும்; எடை கூடுவதும் பொருட்டாகாது.

மீதிப் பாதி இடத்தேர்வில் இருக்கிறது. மரத்தின் மேட்டுப்பக்கம் அமர்ந்து மேல்நோக்கிப் பார்த்தால், சறுக்கல் உங்களை மரத்தோடு சேர்த்து அழுத்தும், நிலையாக இருக்கும். ஆனால் சேவலைத் தன்னைவிடத் தாழ்ந்த இடத்துக்கு வரவழைப்பதைவிட, அதே மட்டத்துக்கோ மேட்டுக்கோ அழைப்பது எளிது என்பது வேட்டைக்காரர்களின் பரவலான அனுபவம். அப்படியானால் சரிவை நோக்கி, மரத்தின் கீழ்ப்பக்கத்தில்தான் அமர வேண்டியிருக்கும். அங்கே, அடிமரத்திலிருந்து கைபோல் நீளும் இரண்டு பெரிய வேர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைத் தேர்ந்து, இரு குதிகால்களுக்கும் முன்னமே மண்ணில் சிறு குழி பறித்துக்கொள்ள வேண்டும். கால்களைத் தனித்தனியாக நீட்டிக் குறைக்கக்கூடிய சட்ட இருக்கை தன் எடைக்கு ஈடான பயனைத் தருவது இத்தகைய நிலத்தில்தான்.

மெத்தை நனைந்து குளிர் ஏறுகிறது

திறந்த நுண்ணறைகள் கொண்ட ஃபோம் தண்ணீரை உறிஞ்சும். ஒரு காலைப் பனியில் நனைந்த மெத்தை மறுநாளும் காயாது, எடையும் கூடிவிடும். ஒரு மூலையைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிழிந்து பார்த்தால் எவ்வகை என்பது தெரிந்துவிடும். ஓசியோலா இன வான்கோழி வாழும் ஃபுளோரிடாவின் சதுப்புகளில் மூடிய நுண்ணறை ஃபோமைத் தவிர வேறு எதையும் எடுத்துச் செல்வது வீண். பழைய மெத்தையைத் தள்ள மனமில்லாதவர்கள், உறைக்குள் ஃபோமைத் தடிமனான பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அது நகரும்தோறும் சரசரக்கும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

காற்றடைத்த மெத்தை இவற்றில் எல்லாம் இலகுவானது, நனையாதது, சுருட்டினால் கைக்குள் அடங்குவது. டெக்சஸில் அது ஒரு காலைகூடத் தாங்காமற்போகலாம், அங்கே தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி. மற்ற இடங்களில் பயன்படுத்தினால், முழுவதும் ஊதாமல் புட்டம் தரையைத் தொடாத அளவுக்கு மட்டும் ஊத வேண்டும். விறைப்பாக ஊதியது ஒவ்வோர் அசைவுக்கும் கீச்சிடும்.

முதுகு வலிக்கிறது

முதுகுக்கும் மரத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெஸ்ட்டின் பின்புறப் பையில் சேவலை ஈர்க்க நிறுத்தும் பொம்மைப் பறவை, மழைச்சட்டை, தண்ணீர்க்குப்பி ஆகியவற்றைத் திணித்தபடியே சாய்ந்து உட்காருவதுதான் முதுகுவலிக்கு முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. அந்த மூட்டை மேல்முதுகை முன்னுக்குத் தள்ளிவிடுவதால், கீழ்முதுகு எதிலும் சாயாமல் தொங்குகிறது. உட்காருவதற்கு முன் பின்பையைக் காலி செய்து, மழைச்சட்டையை மட்டும் சுருட்டி இடுப்பு வளைவுக்குப் பின்னே வைத்துக்கொண்டால், பல வெஸ்ட்டுகள் திடீரென்று வசதியாகிவிடும்.

சாயும் மரம் தோள்களைவிட அகலமாகவும் தலையைவிட உயரமாகவும் இருக்க வேண்டும் என்ற விதி வசதிக்காக மட்டும் ஏற்பட்டதன்று. பெட்டையின் குரலைக் கேட்டுப் பின்னாலிருந்து வரும் வேறொரு வேட்டைக்காரர் உங்களை அசையும் பறவை என்று தவறாக எண்ணிச் சுட்டால், காப்பது அந்த அடிமரம்தான். யாராவது வருவது தெரிந்தால் கையசைக்கவோ எழவோ கூடாது, வான்கோழிக் குரலும் எழுப்பக் கூடாது. அசையாமல் இருந்தபடி உரத்த மனிதக் குரலில் கூப்பிட வேண்டும். கைக்குட்டை, சாக்ஸ், உள்சட்டை எதிலும் சிவப்பு, வெள்ளை, நீலம் இருக்கக் கூடாது, ஏனெனில் சேவலின் தலைக்கு அந்த நிறங்களே உண்டு. இருக்கை மெத்தையின் உட்பக்கத் தையலிலும் விலைச்சீட்டிலும் வெள்ளை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

சாய மரமே இல்லாத நிலங்களும் உண்டு. நெப்ராஸ்காவின் புல்வெளிகளிலும், நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் புதர்கள் மண்டிய டெக்சஸ் பண்ணைகளிலும், சாய்வதற்கேற்ற அடிமரம் அரிது. அங்கே பின்தாங்கிச் சட்டம் கொண்ட வெஸ்ட்டோ, முதுகுச் சாய்வுள்ள குட்டை நாற்காலியோ அவசியமாகிறது. அடர்ந்த புதரையோ மேட்டையோ பின்னே வைத்து அமர வேண்டும். இத்தகைய சட்டங்களை வாங்கும்போது, குறிப்பிட்டிருக்கும் எடை சட்டத்தோடு சேர்ந்ததா, கழற்றிய நிலையிலுள்ளதா என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நடக்கும்போது தோளும் கழுத்தும் இறுகுகின்றன

வெஸ்ட்டின் முழு எடையும் தோள்வார்களிலிருந்து தொங்குகிறது. அகலமான இடுப்புப்பட்டை இருந்து, அது இடுப்பெலும்பின் மேல்விளிம்பின்மீது அமரும்படி இறுக்கப்பட்டிருந்தால், சுமையின் பெரும்பகுதி கால்களுக்கு இறங்கிவிடும். பட்டை தொப்புளுக்கு மேலே ஏறி நிற்குமானால் வெஸ்ட் உடலுக்குக் குட்டை. அதை இறுக்குவதால் பயனில்லை. பட்டையே இல்லாத இலகு வெஸ்ட்டுகள் 3 கிலோ வரை பரவாயில்லை, அதற்குமேல் கழுத்தை வாட்டும்.

நிரப்பிய வெஸ்ட்டைத் தராசில் வைத்துப் பார்ப்பது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். மெத்தையோடு வெற்று வெஸ்ட் 2 கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, தொலைநோக்கி அரை கிலோவுக்கு மேல், பொம்மைப் பறவைகள் கெட்டியான பிளாஸ்டிக்கில் ஆனவை என்றால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ. வெஸ்ட்டில் பைகள் மிகுதியாக இருப்பதே இந்தக் கேட்டுக்கு வேர்; பை காலியாக இருந்தால் எதையாவது போடத் தோன்றும். ஒரு பருவம் முழுவதும் கையில் எடுக்காத பொருளை அடுத்த பருவத்தில் வீட்டில் விட்டுவிடலாம். ஐந்து வகைக் குரலெழுப்பிகளுக்குப் பதிலாக, பாக்ஸ் கால் எனும் மரப்பெட்டி, பாட் கால் எனும் வட்டத் தட்டு, வாய்க்குள் வைத்து ஒலியெழுப்பும் இரண்டு வாய்க்கருவிகள் ஆகியவை பெரும்பாலோருக்குப் போதும். கடினப் பிளாஸ்டிக் பறவைக்கு மாற்றாக மடிக்கக்கூடிய ஃபோம் பறவையை எடுத்துச் சென்றாலே தோள் தேறிவிடும்.

துப்பாக்கியின் பின்கட்டை தோளில் பொருந்துவதில்லை

வலத்தோள் வாரின் தடித்த ஃபோமோ அதன் பக்கிளோ, பின்கட்டை அமரும் குழிவில் குறுக்கிடுகிறது. வாரை நகர்த்தி, பக்கிளை மார்பின் நடுப்பட்டைக்கு அருகே கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பகுதி ஃபோமை அகற்றித் தைத்துவிடலாம். வீட்டுச் சோதனையின்போதே இதைப் பார்த்துவிட்டால், காட்டில் தலையைக் கோணலாகச் சாய்த்துக் குறிபார்க்கும் நிலை வராது.

நடக்கும்போதும் பொருளை எடுக்கும்போதும் ஒலி வருகிறது

ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, எல்லாம் நிரப்பிய வெஸ்ட்டை அணிந்து, அமைதியான அறையில் குதித்துப் பார்க்க வேண்டும். வேறொருவர் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. பாக்ஸ் கால் முதல் குற்றவாளி. அதன் மூடி தளர்ந்து தானே உரசிக் கீச்சிடும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு துணித்துண்டை வைத்து ரப்பர் வளையம் மாட்டினால் அடங்கிவிடும். பாட் காலின் தேய்ப்புக்குச்சிகள் ஒன்றோடொன்று தட்டாதபடி தனித்தனி உறையில் இருக்க வேண்டும்; உறை நனையாததாக இருப்பதும் முக்கியம், ஈரக்குச்சி தட்டில் வழுக்கி ஊமையாகிவிடும். அடுத்தது வெல்க்ரோ. அதைப் பிரிக்கும் ஒலிக்குக் காட்டில் ஈடே இல்லை, ஆகவே அடிக்கடி திறக்கும் பைகளில் அதை அகற்றிக் காந்தப் பொத்தான் தைப்பது நல்லது. காந்தமும் படீரென்று மூடாமல் விரலை நடுவே வைத்து மூடப் பழக வேண்டும். ஜிப்பின் உலோக இழுவையைக் கழற்றிவிட்டுக் கயிற்றுத்துண்டு கட்டலாம்.

குரலெழுப்பியைத் தேடித் துழாவ வேண்டியிருந்தால், அது ஒலியோடு அசைவையும் சேர்த்துவிடும். சேவல் நெருங்கியபின் கைகள் துப்பாக்கியை விட்டு நகரக் கூடாது என்பதால், அப்போது பயன்படுவது வாய்க்கருவி மட்டுமே. அது மார்பின் மேற்பகுதியில், கழுத்துக்கு அருகே இருக்க வேண்டும். தட்டும் குச்சியும் சுடாத கையின் பக்கம் இருக்கட்டும். மற்றவை எங்கிருந்தாலும் தாழ்வில்லை.

மெத்தை தொடையின் பின்னே அடிக்கிறது, அல்லது வழியில் விழுந்துவிடுகிறது

தொங்கும் மெத்தையின் கொக்கிகள் இரண்டும் மேல்பக்கத்தில் மட்டுமே இருப்பதால் இது நேர்கிறது. கீழ்விளிம்பில் ஒரு மீள்கயிறும் கொக்கியும் தைத்து, நடக்கும்போது மெத்தையை மடித்து முதுகோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கழற்றக்கூடிய மெத்தை என்றால் அதை வெஸ்ட்டோடு ஒரு மெல்லிய கயிற்றால் பிணைப்பது நல்லது. காட்டின் நிறத்தில் அச்சிட்ட மெத்தை சருகில் விழுந்தால் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம்.

உண்ணியும் எறும்பும் ஏறுகின்றன

மே மாதக் கிழக்குக் காடுகளில் தரையோடு உட்காருபவரின்மேல் உண்ணி ஏறுவது உறுதி. கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். முதுகில் வெள்ளைப் புள்ளி கொண்ட லோன் ஸ்டார் உண்ணியின் கடி சிலருக்கு ஆடு, மாட்டு, பன்றி இறைச்சியையே சேராததாக்கிவிடுகிறது. பெர்மெத்ரின் எனும் பூச்சிக்கொல்லியின் 0.5 சதவீதக் கரைசலை வெஸ்ட்டிலும் மெத்தையின் அடிப்பக்கத்திலும் தெளித்து, வெளியில் தொங்கவிட்டு முழுவதும் காயவைத்து அணிய வேண்டும். தோலில் பூசக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு அது நஞ்சு. தென்மாநிலங்களின் நெருப்பெறும்புகளுக்கு மருந்து இடத்தேர்வுதான்: உட்காரும் இடத்தைச் சிவப்பு விளக்கில் ஒருமுறை பார்த்துவிட்டு மெத்தையை விரிக்க வேண்டும்.

பறவையைச் சுமந்து திரும்பும்போது வெஸ்ட் பின்னே சரிகிறது

முதிர்ந்த கிழக்கு இனச் சேவல் 8 முதல் 11 கிலோ வரை இருக்கும். அதைப் பின்பையில் போட்டதும் அதுவரை பொருந்தியிருந்த வெஸ்ட் தோளைப் பின்னுக்கு இழுக்கும். மார்புப்பட்டையையும் இடுப்புப்பட்டையையும் பறவையைப் போட்ட பிறகு மறுபடி இறுக்க வேண்டும். தண்ணீர் போன்ற கனமானவற்றை முன்பைகளுக்கு மாற்றினால் சமன் வரும். பின்பையின் அடித்தையல் ஒற்றை இழையாக இருந்தால் முதல் பறவையிலேயே பிரிந்துவிடும் என்பதால், வாங்கும்போதே 10 கிலோ அரிசிமூட்டையை அதில் போட்டு மாடிப்படி ஏறிப் பார்ப்பது தகும்.

பல மாநிலங்களில், சுட்ட இடத்தை விட்டு நகர்த்துவதற்கு முன்பே பறவையின் காலில் அடையாளச்சீட்டைக் கட்ட வேண்டும். அந்தச் சீட்டும் பேனாவும் வெளியிலிருந்து எளிதில் எடுக்கும் பையில் இருக்கட்டும். தலையும் இறகும் வெளியே தெரியும்படி பறவையைத் தோளில் போட்டு நடப்பது ஆபத்தானது. தலை முழுவதும் பைக்குள் அடங்க வேண்டும், வால் வெளியே நீண்டால் ஒளிரும் ஆரஞ்சுத் துணியால் சுற்ற வேண்டும், நடப்பவரும் ஆரஞ்சுத் தொப்பியோ பட்டையோ அணிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பின்பையின் உட்புறத்தைக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் இரத்தக்கறையைத் துணியில் உறைய வைத்துவிடும். கழுவியதால் மருந்தின் வீரியம் குறைந்திருக்கும் ஆகையால், சில முறை கழுவியபின் பெர்மெத்ரினை மறுபடி தெளித்து, மெத்தையைத் தனியே கழற்றி நிழலில் உலர்த்தி எடுத்துவைக்க வேண்டும்.